முத்துத் தேநீர் யாருக்குச் சொந்தம்?

பபிள் டீ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குளிர்ந்த பால் தேநீரின் அடியில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். தடிமனான ஸ்ட்ரா வழியாக உறிஞ்சி, மென்றுகொண்டே குடிக்க வேண்டும். இதன் தாயகம் தைவான். அங்கே இதை முதலில் செய்தது யார் என்று இரண்டு கடைகள் பத்து ஆண்டுகள் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டின என்றால் நம்புவீர்களா?

முதலில் பெயரைப் பார்ப்போம். பபிள் என்றால் அந்த உருண்டைகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, தேநீரைப் பனிக்கட்டியோடு குலுக்கும்போது எழும் நுரை. உருண்டைக்குத் தைவானில் 'முத்து' என்று பெயர்.

இனி வழக்குக்கு வருவோம். தைச்சுங் நகரில் 1983-ல் தொடங்கிய கடை சுன் ஷுய் தாங். அங்கே வேலை பார்த்த லின் ஷியு-ஹுய், 1980-களின் பிற்பகுதியில் ஒரு கூட்டத்தின்போது, தான் கொண்டுவந்த ஃபென்யுவான் என்ற இனிப்பு உருண்டைகளைத் தேநீரில் கொட்டிக் குடித்துப் பார்த்தாராம். இல்லை, 1986-லேயே நாங்கள் செய்துவிட்டோம் என்கிறது தைனான் நகரின் ஹான்லின் கடை. அதன் உரிமையாளர் டு சோங்-ஹே சந்தையில் வெள்ளை உருண்டைகளைப் பார்த்ததும் யோசனை பிறந்ததாம்.

இருவருமே காப்புரிமை வாங்கவில்லை. 2019-ல் வழக்கு முடிந்தது. இது காப்புரிமை பெற்ற பொருள் அல்ல, எவரும் செய்யலாம், ஆகவே முதலில் செய்தது யார் என்ற வாதமே தேவையில்லை என்றது நீதிமன்றம்!

எனக்கு இது நியாயமாகவே படுகிறது. ஃபென்யுவான் முன்பே தைவான் தெருக்களில் விற்ற பண்டம். அதன் மாவு தரும் மரவள்ளிக்கிழங்கு தென் அமெரிக்காவில் பிறந்தது. அதைக் கடல் கடத்தியவர்கள் போர்த்துகீசியர்கள். தைவானின் ஏரிக்கரைத் தோட்டங்களில் 1925-ல் நட்ட கறுப்புத் தேயிலையின் விதைகூட நம் அசாமிலிருந்து போனதுதான். நம் சேலத்து ஜவ்வரிசியும் இதே கிழங்கின் பிள்ளை. முத்துக்கு நெருங்கிய உறவு.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு நண்பர்களே. உரிமையாளர் இல்லாத பண்டத்துக்குக் காவலரும் இல்லை. 2013-ல் தைவானில், மெல்லும் தன்மையைக் கூட்டுவதற்காக மலேயிக் அமிலம் சேர்த்த மாவு முத்துகளில் பிடிபட்டது. அனுமதி இல்லாத அந்தப் பொருள் அளவு மீறினால் சிறுநீரகத்துக்குக் கேடு. கடைகளிலிருந்து பொருட்கள் அள்ளப்பட்டன.

நல்ல முத்துக்கு இந்தக் குறுக்குவழி எதுவும் வேண்டாம். நிறையக் கொதிநீரில் போட வேண்டும்; பச்சைத் தண்ணீரில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். மிதந்த பிறகும் நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும்வரை வேக வேண்டும். அடுப்பை அணைத்து மூடி வைத்து, பிறகு வெல்லம் போன்ற பழுப்புச் சர்க்கரைப் பாகில் ஊறவிட வேண்டும். வெந்த மாவுச்சத்து குளிர்ந்தால் மறுபடி இறுகும். அதனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த முத்து கல்லாகிவிடும். அன்று வேகவைத்ததைச் சில மணி நேரத்துக்குள் பரிமாறுவதே நல்ல கடைக்கு அடையாளம்.

முதலில் செய்தது யார் என்பதை நீதிமன்றம் சொல்லாமல் விட்டது. இன்று நன்றாகச் செய்வது யார் என்பதைக் குடிப்பவர் ஒரே வாயில் சொல்லிவிடலாம்.