த்ரீ நாட் த்ரீ பிறந்த ஊர் எது?



கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்த நம் வயதுக்காரர்கள் 'த்ரீ நாட் த்ரீ'யை மறந்திருக்க மாட்டார்கள். 4 கிலோ கனம் தோளை அழுத்தியது ஞாபகம் இருக்கும். ஆனால் அது எந்த ஊரில் செய்தது என்று நாம் கேட்டதில்லை.

பிரிட்டிஷ் ராணுவம் 1907-இல் ஏற்றுக்கொண்ட லீ-என்ஃபீல்டு வகை அது. இங்கிலாந்தில் என்ஃபீல்டு, பர்மிங்காம், ஆஸ்திரேலியாவில் லித்கோ, நம் நாட்டில் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இஷாப்பூர் என்று பல ஊர்களில் செய்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். அடையாளம் சின்னச் சின்ன முத்திரைகளில்தான்.

பின்கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில், வலப்பக்கம் பாருங்கள். கிரீடம், அதன்கீழ் 'ஜி.ஆர்.ஐ.', இஷாப்பூர் பெயர், வருடம் இருந்தால் ஆங்கிலேயர் காலத்து இஷாப்பூர் துப்பாக்கி. கடைசி எழுத்து, இந்தியாவுக்கும் அவர் பேரரசர் என்பதைக் குறிப்பது. விடுதலைக்குப் பின் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது.

மரக்கட்டை மட்டும் கிடைத்தால்? தோட்டாப் பெட்டிக்குச் சற்று முன்னால், முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி இருக்கிறதா பாருங்கள். மரம் பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்டது. சேகரிப்பாளர்கள் அதை 'இஷாப்பூர் ஸ்க்ரூ' என்றே சொல்கிறார்கள். ஆனால் ஒன்று: பழுது பார்க்க வந்த இங்கிலாந்துத் துப்பாக்கிகளுக்கும் இதைப் போட்டார்கள். முன்கட்டை, பின்கட்டை இரண்டும் தனித்தனி; ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். எனவே ஒரு முத்திரையை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஒரே துப்பாக்கியில் இரும்பு பர்மிங்காம், மரம் வங்காளம் என்றும் இருக்கலாம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஊர் வீட்டைக் காலி செய்து தரமணி ஃபிளாட்டுக்கு வரும்போது பரணிலிருந்து தாத்தா காலத்துச் சாமான்கள் இறங்கும். அதில் இப்படி ஒரு கட்டை இருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்துவிடாதீர்கள். முத்திரை அழிந்தால் வரலாறும் போச்சு. பழைய கடைக்கும் போடாதீர்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் பாகங்களும் ஆயுதக் கணக்கில்தான் வரும். முதலில் காவல் நிலையத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்வது நமக்கும் நல்லது, அந்தக் கட்டைக்கும் நல்லது.