அந்த நாள் (திரைப்படம், 1954)

ஏவி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படம். 1954 ஏப்ரல் 13 அன்று வெளியானது. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இதுவே. தியாகராஜ பாகவதரின் ‘பவளக்கொடி’ ஐம்பது பாடல்களோடு வந்து அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்தால் பாலசந்தரின் துணிச்சல் விளங்கும்.

இரண்டாம் உலகப் போரில், 1943 அக்டோபர் 11 அன்று, ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியது. அந்தப் பதற்றமே கதையின் களம். ரேடியோ எஞ்சினீயர் ராஜன் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறான். படம் தொடங்கியதும் கதாநாயகன் பிணமாகிவிடுகிறான்! மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஆசை நாயகி என்று ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகிறார்கள். ஒவ்வொருவர் வாய்வழியாகவும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். கொலையாளி யார் என்பதை இங்கே எழுதுவது படத்துக்குச் செய்யும் துரோகம்.

ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் உத்தி, அகிரா குரோசாவாவின் ‘ரஷோமான்’ (1950) தந்தது. அதே ஆண்டில் பிரிட்டனில் ஆன்டனி அஸ்குவித் எடுத்த ‘தி வுமன் இன் கொஸ்டின்’ படத்திலும், கொலையுண்ட பெண்ணைப் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். ‘ரஷோமான்’ முடிச்சை முடிச்சாகவே விட்டுவிடும். ‘அந்த நாள்’ அவிழ்த்துக் காட்டும். ஜாவர் சீதாராமனின் எழுத்தும் மாருதி ராவின் ஒளிப்பதிவும் இதற்குத் துணைநின்றன. பாதி முகம் இருளில், பாதி வெளிச்சத்தில் என்று மாருதி ராவ் அமைத்த ஒளியே, சொல்பவரை நம்பலாமா என்ற சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறது.

ராஜன் வேடத்தில் முன்னதாக நடித்தவர் கல்கத்தா விசுவநாதன். எடுத்த பகுதிகளில் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனுக்கு நிறைவில்லாததால் சிவாஜி கணேசன் வந்தார்.  தன் முதல் படமான ‘பராசக்தி’ வெளியாகி இரண்டு ஆண்டுகூட நிறையாத நிலையில் அனுதாபத்துக்கு இடமில்லாத வேடத்தை ஏற்றார்.

முதல் வெளியீட்டில் படம் வசூலில் தோற்றது. ஆனாலும் தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. மறுவெளியீடுகளில் ரசிகர்களையும் சேர்த்துக்கொண்டது.

பாலசந்தர் குற்றக் கதைகளை விடவில்லை. ‘அவனா இவன்’ (1962), வெடிகுண்டு வைத்த பொம்மையைச் சுற்றிய ‘பொம்மை’ (1964), ‘நடு இரவில்’ (1970) ஆகியவை தொடர்ந்தன. வீணைக் கலைஞருமான அவர் பிறகு முழுமையாக வீணைக்கே திரும்பினார்.  

பாடலில்லாப் பாதையைத் தொடர்ந்தவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன். குடிசை வாழ்வைச் சொன்ன அவருடைய ‘உன்னைப்போல் ஒருவன்’ (1965) தேசிய விருது பெற்றது. கடலூர், சிதம்பரம் பகுதித் திரைப்பட ஆர்வலர்கள் ‘அந்த நாள்’, ‘உன்னைப்போல் ஒருவன்’ இரண்டையும் ஒரே நாளில் திரையிட்டு மாணவர்களுக்குக் காட்ட வேண்டும்.