டிஎம்எக்ஸ் 512 விளக்குக் கட்டுப்படுத்தி

மேடை விளக்குகளும் டிம்மர்களும் கன்சோலின் கட்டளையைப் பெறும் பொது நெறிமுறை டிஎம்எக்ஸ் 512. அமெரிக்காவின் யுஎஸ்ஐடிடி அமைப்பு இதை 1986இல் வகுத்து 1990இல் திருத்தியது. இன்று இது ஆன்சி இ1.11 தரநிலை. இந்தக் கட்டளையைப் படித்து விளக்கை இயக்கும் கட்டுப்படுத்தி, விளக்குக்குள்ளேயே பொருத்தப்படுகிறது.

மின்சுற்று எளிது: ஆர்எஸ்-485 சில்லு ஒன்று, மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று, நல்ல வடிவமைப்பானால் இடையே ஒளிவழி மின்காப்பு. சிக்கல் நேரக்கணக்கில்தான். விநாடிக்கு 2,50,000 பிட் வருகிறது. ஓர் அளவைச் சுமக்கும் ஒவ்வொரு சேனலுக்கும் 11 பிட், அதாவது 44 மைக்ரோவிநாடி. 512 சேனலையும் அனுப்பி முடிக்க ஏறத்தாழ 23 மில்லிவிநாடி ஆவதால், விநாடிக்குச் சுமார் 44 முறையே மதிப்புகள் புதுப்பிக்கப்படும்.

சேனல் எண் எதுவும் தகவலோடு வருவதில்லை. கட்டுப்படுத்தி வரிசையை எண்ணித்தான் தன் பங்கைக் கண்டுகொள்ள வேண்டும். எண்ணத் தொடங்கும் இடம் 'பிரேக்': குறைந்தது 88 மைக்ரோவிநாடி கம்பி தாழ்நிலையில் நிற்பது. மைக்ரோகண்ட்ரோலரில் தொடர் பிட்களைப் பெறும் பகுதியான யுஏஆர்டி இதைச் சட்டகப் பிழை என்று அறிவிக்கும். நிரல் அந்தப் பிழையையே தொடக்கக் குறியாக எடுத்துக்கொள்கிறது. அடுத்து வரும் தொடக்கக் குறியீடு 0 ஆக இருந்தால் மட்டுமே பின்வருவன ஒளி அளவுகள். இந்தச் சோதனையை விட்டுவிட்ட மலிவான கருவிகள், 2006இல் வந்த ஆர்டிஎம் இருவழித் தொடர்பின் 204 எனத் தொடங்கும் தகவலையும் ஒளி அளவாக எண்ணி மினுக்கும். பழி பெரும்பாலும் கேபிள்மேல் விழும்!

கேபிளும் குற்றமற்றதல்ல. தரநிலை கேட்பது ஐந்து முனை எக்ஸ்எல்ஆர் இணைப்பி; மூன்று முனை வைத்த கருவிகளில் மைக் கேபிளைச் செருகிவிடுகிறார்கள். கடைசிக் கருவியில் 120 ஓம் முடிப்பு மின்தடை இல்லையேல் சைகை எதிரொலித்துச் சிதையும்.

ஒளி அளவுகளுக்குப் பிழைச் சரிபார்ப்பே கிடையாது. அதனால் வாணவேடிக்கை போன்ற ஆபத்தான கருவிகளை இதில் இயக்கக் கூடாது. சைகை அறுந்தால் கடைசி நிலையில் நிற்பதா, அணைவதா என்பதை வடிவமைப்பாளர் முடிவு செய்கிறார். நடிகர் படியில் இறங்கும்போது இருட்டாவதைவிடக் கடைசி நிலையே மேல்.

எல்இடி விளக்குகளில் ஒரு சேனலின் ஒளி அளவுக்கான 8 பிட்டின் 256 படிகள் போதா. மெல்ல அணையும்போது கடைசிப் படிகள் கண்ணுக்குத் தெரியும். இரு சேனல்களை இணைத்து 16 பிட் ஆக்குவார்கள், அல்லது வரும் மதிப்புகளுக்கு இடைப்பட்ட அளவுகளைக் கட்டுப்படுத்தியே கணித்து நிரப்பும்.