நாஞ்சில் நாட்டில் இசைத்தட்டும் ஒலிக்கருவிகளும்

நாஞ்சில் நாடு என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களைச் சார்ந்த நிலப்பகுதி. இங்கே இசைத்தட்டு முதலில் சாவி கொடுத்து ஓடும் கிராமபோனிலும், பின்னர் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் மைக்செட் வழியாகவும் ஒலித்தது. தட்டு மாறியபோது முள் மாறியது. முள் மாறியபோது ஆம்ப்ளிஃபையரும் மாறவேண்டியிருந்தது. இன்று முதன்முறையாக வினைல் கருவி வாங்குபவர் சந்திக்கும் கேள்விகள் இந்த வரலாற்றிலிருந்து வந்தவையே.

அரக்குத் தட்டு

எமிலி பெர்லினர் 1887-இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கோரினார். 1902-இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கவுஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அன்றைய தட்டு அரக்குடன் கல்தூள் போன்றவை கலந்து செய்யப்பட்டது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுழன்றது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிட இசை அடங்கும்.

சாவி கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை. முள்ளின் அதிர்வை ஒரு மெல்லிய சவ்வு ஒலியாக்க, குழல் அதைப் பெருக்கியது. எஃகு முள்ளைப் பக்கத்துக்குப் பக்கம் மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் தேய்ந்த முள் தட்டை அறுக்கும்.

நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் (1908-1957) டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் நடித்து, ‘சதிலீலாவதி’ (1936) வழியாகத் திரைக்கு வந்தவர். டி.ஏ. மதுரத்துடன் அவர் பாடிய நகைச்சுவைப் பாடல்கள் இத்தகைய 78 தட்டுகளில் வெளிவந்தன.

மின்சாரமும் மைக்செட்டும்

1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தது. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் திட்டமான பள்ளிவாசல் 1940-இல் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் பரவப் பரவ, வால்வு ஆம்ப்ளிஃபையரும் கூம்புக் குழாயும் திருவிழாக்களின் அடையாளமாயின. கொடையில் வில்லுப்பாட்டு இரவு முழுவதும் நீளும். 3 நிமிடத் தட்டில் அது அடங்காது. வில்லுப்பாட்டு தொடங்கும்வரையும் இடைவேளைகளிலும் ஒலித்தவை பக்திப் பாடல், சினிமாப் பாடல் தட்டுகள்.

மைக்செட்டுகளுக்கு ஏற்றதாக இருந்தது படிக முள்தலை. அது அரை வோல்ட் அளவுக்கு மேலும் மின்னழுத்தம் தரும் என்பதால் எளிய ஆம்ப்ளிஃபையரே போதும். ஆனால் அதற்கு இரண்டு குறைகள் இருந்தன. 5 கிராம் முதல் 10 கிராம் வரை எடையுடன் அழுத்தியதால் தட்டு விரைவில் தேய்ந்தது. மேலும், அதிலிருந்த ரோஷெல் உப்புப் படிகம் ஈரத்தை ஈர்த்துக் கெட்டுப்போகும். இரு பருவமழையும் கடற்காற்றும் உள்ள பகுதிக்கு இது பெரிய குறை. பின்னர் வந்த செராமிக் முள்தலை ஈரத்தைத் தாங்கியது.

வினைல் வந்த பின்

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ வேக வினைல் நெடுந்தட்டை வெளியிட்டது, 1949-இல் ஆர்.சி.ஏ. 45 வேகத் தட்டைக் கொண்டுவந்தது. 78 தட்டுக்குச் சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். வினைலின் நுண்வரிக்குச் சுமார் 18 முதல் 25 மைக்ரான் முனை போதும். கிராமபோனின் எஃகு முள்ளை வினைலில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தட்டு பாழாகும். இந்தியாவில் 1960-களிலும் 78 தட்டு அச்சானதால், இரண்டு வகையையும் வைத்திருந்த வீடுகளுக்கு 78, எல்.பி. என இருபுறமும் திருப்பும் முள்தலை உதவியது. 1980-களில் கேசட் பரவியபோது பெட்டிகள் பரணுக்குப் போயின.

இன்றைய தேர்வு

இப்போது பரவலாக உள்ள காந்த முள்தலை சுமார் 2 கிராம் எடையில் ஓடுவதால் தட்டு தேய்வது குறைவு. ஆனால் அது தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. நெடுந்தட்டில் தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் பதிவு செய்திருப்பார்கள். 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுகோல் இதை ஒழுங்குபடுத்தியது. இதைத் திருப்பிச் சரிசெய்ய ‘ஃபோனோ’ உள்ளீடு அல்லது தனி ஃபோனோ முன்பெருக்கி தேவை. அது இல்லாத பழைய மைக்செட் ஆம்ப்ளிஃபையரில் காந்த முள்தலையை இணைத்தால் ஒலி மெலிந்தும் கீச்சென்றும் கேட்கும்.

எனவே ஆம்ப்ளிஃபையரைப் பார்க்குமுன் கையிலுள்ள தட்டைப் பார்ப்பது முறை. வினைல் மட்டும் என்றால் 33⅓, 45 வேகங்களும், எடையைச் சரிசெய்யக்கூடிய முள்கையும், ஃபோனோ உள்ளீடும் போதும். தாத்தா வைத்துப்போன அரக்குத் தட்டும் இருந்தால் 78 வேகமும் தனி முள்ளும் கட்டாயம்.

கொடைப் பந்தலில் தேய்ந்த தட்டுகளும் முற்றிலும் பயனற்றவை அல்ல. பழைய முள் தொடாத வரிச்சுவரின் பகுதியைச் சற்று வேறு அளவுள்ள முனை தொடும்போது, மங்கிய குரல் சில வேளைகளில் தெளிவடைகிறது. ஆனால் பொருந்தாத முள்ளில் ஒருமுறை அறுபட்ட வரியை எந்த ஆம்ப்ளிஃபையராலும் மீட்க முடியாது.