பேருந்து நிறுத்தமும் பஜனைச் சபையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உழைக்கும் இளைஞர்களுக்காக அண்மையில் நம் பங்கு மன்றத்தில் ஓர் ஆவணப்படம் திரையிட்டோம். பிரெட் ஸ்டோரி, ஸ்டீபன் மேயிங் ஆகியோர் இயக்கி 2024இல் வெளிவந்த 'யூனியன்' என்னும் படம் அது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள அமேசான் கிடங்கின் தொழிலாளர் தமக்கென ஒரு சங்கம் கண்ட வரலாற்றைச் சொல்கிறது. கிடங்கின் அருகே பேருந்து நிறுத்தத்தில் ஒரு கூடாரம். களைத்து வருவோர்க்குச் சிறிது உணவு. குறை கேட்கச் சில செவிகள். இவ்வாறு தொடங்கிய முயற்சியின் முடிவாக, 2022 ஏப்ரல் 1ஆம் நாள் வாக்குகள் எண்ணப்பட்டன. சங்கம் வேண்டும் என்றோர் 2,654 பேர். வேண்டாம் என்றோர் 2,131 பேர்.

படம் முடிந்ததும் ஓர் இளைஞர் எழுந்தார். "சாமி, அது அமெரிக்கா. ஒப்பந்தக் கூலிகளான நாங்கள் வாய் திறந்தால் மறுநாள் வேலை இராதே?" என்றார். அவருக்கு நான் பெரம்பூரின் வரலாற்றைச் சொன்னேன்.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர் மாலைவேளைகளில் கூடும் பஜனைச் சபை ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதனை நடத்திவந்தனர். இறைப்புகழ் கேட்க வந்தவர்கள் தம் துயரத்தையும் அங்கே இறக்கிவைத்தனர். நீண்ட வேலைநேரம்; நண்பகல் உணவுக்கு அரைமணி மட்டுமே; அதற்குமேல் வசைமொழி. இவற்றைக் கேட்டு மனம் பொறாத செல்வபதியார், பி. பி. வாடியாவை நாடினார். திரு.வி.க.வும் துணைநின்றார். 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்திய நாட்டில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக அதனைப் போற்றுவர்.

அன்று சங்கத்தைக் காக்கச் சட்டம் இல்லை. ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடையாணை பெற்றது. அந்த அனுபவமே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலிய காரணங்களுள் ஒன்று. அந்த இளைஞரும் இன்று சட்டத்தின் நிழலில்தான் நிற்கிறார். எனினும் அவருடைய அச்சம் பொய்யன்று.

வெளியிலிருந்து வந்த அடியைத் தாங்கிய சங்கம், உள்ளிருந்து எழுந்த பிளவால் நொறுங்கியது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரும் மற்றவரும் எதிரெதிரே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. வேலைநிறுத்தமும் தோற்றது. இதனைச் சொல்லும்போது என் குரல் தாழ்ந்தது; கல்லறையிலும் சாதிச்சுவர் எழுப்பிய வரலாறு நமக்கும் உண்டல்லவா!

பெரம்பூர்ச் சங்கம் பிறப்பதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், திருத்தந்தை 13ஆம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளர் ஒன்றுசேரும் உரிமையை ஏற்றுரைத்தார். அவரை நினைந்தே இன்றைய திருத்தந்தை 14ஆம் லியோ 2025இல் அப்பெயரைத் தெரிந்துகொண்டார். ஏட்டில் நம் போதனை உயர்ந்தது. ஆயினும் பெரம்பூரில் உழைப்பாளியின் குரலுக்குச் செவிகொடுத்தது ஒரு பஜனைச் சபை என்பதை நாம் தாழ்மையோடு எண்ணிப்பார்க்க வேண்டும். எகிப்தில் செங்கல் அறுத்த மக்களின் கூக்குரலைக் கேட்டவரன்றோ நம் கடவுள்!

இன்று நம் தொழிற்பேட்டையில் நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், உள்ளூரார், வடமாநிலத்தார் என எத்தனையோ கோடுகள். அன்றிரவு நான் அந்த இளைஞரிடம், "உம்மோடு வேலை செய்யும் ஒடிசாத் தோழரின் பெயர் என்ன?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மாலை அவரையும் அழைத்துக்கொண்டு மன்றத்திற்கு வந்தார்.