பரம சாதுவான ஒரு வாயு

ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் ஃப்ரிட்ஜ் செய்யப் போனார் என்றால் நம்புவீர்களா? நிஜம். 1930-ம் வருடம் நவம்பரில் அவருக்கும் நண்பர் லியோ ஸிலார்டுக்கும் அமெரிக்க அரசு ஒரு குளிர்பெட்டிக்காகக் காப்புரிமை கொடுத்திருக்கிறது. சார்பியல் தத்துவம் சொன்ன மனிதருக்கு எதற்கு இந்த வேலை?

உயிர்பயம்தான் காரணம். 1920-களின் ஃப்ரிட்ஜ், சமையலறையில் குடியிருந்த ஒரு குட்டி எமன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அமோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு மாதிரியான சமாசாரங்கள். எல்லாமே விஷம். குழாயில் ஒரு சின்னக் கசிவு போதும், ராத்திரி படுத்த குடும்பம் காலையில் எழுந்திருக்காது. பெர்லினில் அப்படி ஒரு குடும்பமே போய்ச் சேர்ந்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைன் களத்தில் இறங்கினார் என்பார்கள். பாவம், அவருடைய ஃப்ரிட்ஜ் கடைக்கு வரவே இல்லை. அதற்குள் அமெரிக்காவில் இன்னொருவர் முந்திக்கொண்டுவிட்டார்.

அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். பெட்ரோலில் ஈயம் கலக்கிற யோசனையை ஏற்கெனவே உலகுக்கு வழங்கியிருந்த புண்ணியவான். விஷமாக இருக்கக்கூடாது, தீப்பிடிக்கவும் கூடாது, அப்படி ஒரு வாயு வேண்டும் என்று 1928-ல் அவரிடம் கேட்டார்கள். கார்பனோடு குளோரினையும் ஃப்ளோரினையும் கோத்து மிட்ஜ்லி குழு ஒன்றைத் தயாரித்தது. அந்த வகையறாவுக்குப் பெயர் குளோரோ ஃப்ளோரோ கார்பன். சுருக்கமாக சி.எஃப்.சி. கடைப்பெயர் ஃப்ரியான்.

1930 ஏப்ரலில் அட்லாண்டா நகரில் அமெரிக்க ரசாயனக் கழகத்தின் கூட்டம். மேடையில் மிட்ஜ்லி அந்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது. மிட்ஜ்லி சிரித்துக்கொண்டு நின்றார். விஷமும் இல்லை, தீயும் பிடிக்காது!

அப்புறம் கேட்கவேண்டுமா? ஃப்ரிட்ஜ், ஏ.சி., தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே, மெத்தைக்குள் இருக்கிற நுரை, எல்லாவற்றிலும் அதுதான். குறையென்று சொல்லமுடியாது. பால் கெடாமல் இருந்தது, தடுப்பூசி கெடாமல் இருந்தது. இந்த வாயு யாரோடும் சேராது, எதையும் அரிக்காது. பரம சாது.

அங்கேதான் சிக்கல். எதோடும் சேராத ஒன்றை வெளியே விட்டால் அது எங்கே போகும்?

நாற்பது வருடம் கழித்துத்தான் இதை உருப்படியாக யோசித்தார்கள். 1971-ல் ஜேம்ஸ் லவ்லாக் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு கப்பலில் தென்துருவம் நோக்கிப் போனபடியே காற்றைப் பரிசோதித்தார். நடுக்கடலிலும் சி.எஃப்.சி. இருந்தது. இதைக் கேள்விப்பட்ட ஷெர்வுட் ரோலண்ட், மரியோ மொலினா என்ற இரு வேதியியலாளர்கள் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 1974-ல் விடை வந்தது.

கீழே இருக்கும்வரை சாது. மெல்ல மெல்ல மேலே ஏறி, ஓசோன் படலம் இருக்கும் உயரத்துக்குப் போனதும் புற ஊதாக் கதிர் அதை உடைத்துவிடுகிறது. குளோரின் வெளியே வருகிறது. அது ஓசோனிடமிருந்து ஓர் ஆக்ஸிஜனைப் பிடுங்கும். பிடுங்கியதை வேறெங்கோ தொலைத்துவிட்டு, மறுபடி வெறுங்கையோடு அடுத்த ஓசோனிடம் போய் நிற்கும். ஒரே ஒரு குளோரின் அணு இப்படிச் சுமார் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளைக் காலி பண்ணும். ஓசோன் போனால் தோல் புற்றுநோய், கண்புரை, பயிர்ச்சேதம் என்று வரிசையாக வரும்.

கம்பெனிகள் ஒப்புக்கொள்ளவில்லை. வெறும் ஊகம், ஆதாரம் எங்கே என்றார்கள். ஆதாரம் 1985-ல் வந்தது. அண்டார்டிகாவில் ஹாலி பே என்னும் இடத்தில் 1957-லிருந்து பொறுமையாக ஓசோனை அளந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் குழு, வசந்த காலங்களில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாக அறிவித்தது. உலகம் ஆடிப்போனது.

இரண்டே வருடம். 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் இந்தியா உடனே சேரவில்லை. குளுகுளுவென்று அனுபவித்தது பணக்கார நாடுகள். இங்கே பெரும்பாலான வீடுகளில் அன்றைக்கு ஃப்ரிட்ஜே கிடையாது. மாற்று வாயுவுக்கான செலவை மட்டும் நாம் ஏன் சுமக்கவேண்டும்? 1990-ல் லண்டன் மாநாட்டில் மேனகா காந்தி இதற்காக மல்லுக்கட்டினார். ஏழை நாடுகளுக்கு உதவ ஒரு தனி நிதி உருவானது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. பின்னால் உலக நாடுகள் அத்தனையும் கையெழுத்துப் போட்டன. வளரும் நாடுகளுக்கான கெடுவும் 2010-ல் முடிந்தது.

பி.காம். படித்தவன் புத்தி, வரவு செலவு பார்க்காமல் விடாது. கெடுதலைச் செய்தது வேதியியல். அதைக் கண்டுபிடித்ததும் வேதியியல். மாற்று கொடுத்ததும் அதுவேதான். இடையில் போன பதின்மூன்று வருடம் மட்டும் நம் கணக்கு. ஏற்கெனவே மேலே போன வாயு இன்னும் பல பத்தாண்டுகள் அங்கேதான் இருக்கும். அண்டார்டிகா ஓசோன் 1980-ம் வருட நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்கிறார்கள்.

மாற்றாக வந்த ஒன்றிலும் ஒரு வில்லங்கம். எச்.எஃப்.சி. எனப்படும் அது ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பல நூறு, சிலசமயம் ஆயிரக்கணக்கான மடங்கு கெட்டிக்காரன். அதையும் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள். 2021-ல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது.

இன்றைக்குப் புது ஃப்ரிட்ஜ் பலவற்றின் பின்பக்கம் ஆர்-600ஏ என்று எழுதியிருக்கும். ஐஸோபியூட்டேன். சமையல் காஸுக்கு நெருங்கிய சொந்தம். தீப்பிடிக்கும்தான். ஆனால் உள்ளே இருப்பது சில பத்து கிராம், கசிந்தாலும் சில நாளில் காற்றில் சிதைந்துவிடும். சீக்கிரம் அழிவதுதான் இப்போது நல்ல குணம்!

ஏ.சி.யில் இன்னமும் பெரும்பாலும் எச்.எஃப்.சி.தான். அடுத்தமுறை வீடு மாற்றும்போது மெக்கானிக் அந்த காஸை உஸ்ஸென்று வெளியே திறந்துவிடப் பார்ப்பார். விடாதீர்கள். பம்ப் டவுன் செய்து யூனிட்டுக்குள்ளேயே இழுத்து வைக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பத்து நிமிஷ வேலை. உங்களுக்கும் காஸ் காசு மிச்சம்.