ஃபேனி லூ ஹேமர்: பருத்திக் காட்டிலிருந்து அரசியல் மேடைக்கு

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1917 அக்டோபர் 6 அன்று, குத்தகை விவசாயக் குடும்பமொன்றின் 20 ஆவது குழந்தையாகப் பிறந்தவர் ஃபேனி லூ ஹேமர். ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கத் தொடங்கினார். பள்ளிப்படிப்பு சில ஆண்டுகளோடு நின்றது. ஆயினும் எழுதப் படிக்கத் தெரிந்ததால் பிற்காலத்தில் தோட்டத்தில் கூலியாட்களின் கணக்கெழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது.

1962 ஆகஸ்டில் ரூல்வில் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் மாணவர் இயக்கத்தினர் ஒரு கூட்டம் நடத்தினர். கறுப்பின மக்களும் வாக்காளராகப் பதிவு செய்யலாம் என்பதை ஹேமர் அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த வட்டாரம் அது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அறியாமை எவ்வளவு கவனமாகக் காக்கப்பட்டிருந்தது என்பது விளங்கும்.

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பேருந்தில் இந்தியானோலா நகருக்குச் சென்றனர். பதிவு செய்ய விரும்புவோர் மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படியெடுத்து அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் சரியா தவறா என்பதை வெள்ளையரான பதிவாளரே தீர்மானிப்பார். ஹேமர் தோற்றார். திரும்பும் வழியில் அச்சத்தில் உறைந்திருந்தவர்களுக்கு ஆன்மிகப் பாடல்களைப் பாடித் தெம்பூட்டியவர் அவர்தான். அவருடைய தலைமை அந்தப் பேருந்தில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுமாறு தோட்ட முதலாளி அன்றே கட்டளையிட்டார். ஹேமர் மறுத்தார், 18 ஆண்டுகள் உழைத்த இடத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார். சில நாட்களில் அவரைக் குறிவைத்து நண்பர் வீட்டின் மீது 16 குண்டுகள் சுடப்பட்டன. 1963 ஜனவரியில் மீண்டும் தேர்வெழுதி வென்றார். அதே ஆண்டு ஜூனில் வினோனா நகரச் சிறையில் காவலர்கள் கைதிகளைக் கொண்டே அவரை அடிக்கச் செய்தனர். அந்த அடியால் சிறுநீரகத்திலும் கண்ணிலும் ஏற்பட்ட பாதிப்பு இறுதிவரை நீடித்தது.

அதன் பிறகே அவர் தேர்தலில் நின்றார். 1964 இல் அமெரிக்க நாடாளுமன்றத்திற்கான ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டபோது, வாழ்நாளின் முதல் வாக்கைத் தமக்கே அளித்தார். தோல்வியே கிடைத்தது. ஆனால் வெள்ளையர் மட்டுமே கொண்ட மாநிலக் கட்சிக்கு மாற்றாக உருவான மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் குரலாக, ஆகஸ்ட் 22 அன்று அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். ஒளிபரப்பைத் திசைதிருப்பக் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். பயனில்லை, அன்று மாலைச் செய்திகளில் ஹேமரின் பேச்சை நாடே கேட்டது.

சமரசமாக இரண்டு இடங்கள் தருவதாகச் சொன்னார்கள். மூத்த தலைவர்கள் சிலர் ஏற்கச் சொன்னபோதும் ஹேமரும் தோழர்களும் மறுத்துவிட்டனர். 1968 சிகாகோ மாநாட்டில் அவர் முறையான பிரதிநிதியாக அமர்ந்தார். அவையினர் எழுந்து நின்று கைதட்டினர். 1971 இல் மாநில மேலவைத் தேர்தலில் மீண்டும் நின்று தோற்றார். 1977 மார்ச் 14 இல் மறைந்த அவர், ரூல்விலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.